பொருத்தம் பார்த்தல்: மலைநாட்டு ஜீப் இயந்திரத்தை மீளக் கட்டுதல்

தமிழ் கற்பிக்கும் ஒருவன் மோட்டார் இயந்திரத்தைப் பற்றி எழுதப் புகுவது இம்மலரை விரிக்கும் அன்பர் சிலர்க்கு வியப்பைத் தருதல் கூடும். ஆயினும், நம் மாணவருள் ஆண்டுதோறும் ஒரு தொகையினர் பல்கலைக்கழகத்தை நோக்கியன்றிப் பட்டறைகளை நோக்கியே செல்கின்றனர். அவருள் சிலர் இன்று அற்றனிலும் நோர்வூட்டிலும் நுவரெலியாவிலும் சிறந்த கைத்தொழிலாளராய் விளங்குகின்றனர். விடுமுறை நாட்களில் அவர்தம் பட்டறைத் திண்ணைகளில் அமர்ந்து, அவர் செய்வதைக் கண்டும் கேட்டும் அறிந்தவற்றையும், பழைய கைந்நூல்களிற் படித்தவற்றையும் ஈண்டுத் தொகுத்துரைக்க முற்படுகின்றேன். தொழில் தெரிந்தவர் இதனை ஒருமுறை சரிபார்த்தற்கும், தொழில் பயிலப் புகும் மாணவர் காரணம் அறிந்து செய்தற்கும் இது பயன்படுமாயின் அதுவே போதும்.

எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: மலைப்பாதையில் ஓடும் பழைய ஜீப், லான்ட் றோவர் முதலிய வண்டிகளின் இயந்திரத்தைக் கழற்றி மீளக் கட்டும்பொழுது, கிராங்க் தண்டையும் அதனோடு கூடிய பற்சில்லுகளையும் எவ்வாறு ஒன்றுக்கொன்று பொருந்தத் தேர்வது என்பது.

இவ்வண்டிகள் நம்மிடையே வந்த வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது, 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் புதுடில்லியினின்றும் கண்டிக்கு மாற்றப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டம் அக்காலத்தில் படையினரின் பாசறையாயிற்று. அமெரிக்க நாட்டில் வில்லிஸ், போர்ட் என்னும் இரு நிறுவனங்களும் போர்க்காலத்தில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து உலகெங்கும் அனுப்பின. போர் முடிந்தபின் படைகள் போயின. வண்டிகள் பல தங்கின. குதிரையும் கால்நடையுமே கதியாயிருந்த தோட்டப் பாதைகளுக்கு நான்கு சில்லும் இழுக்கும் சிறு வண்டி பெரும் பேறாயிற்று. 1948ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி அம்ஸ்ரடாம் கண்காட்சியில் அறிமுகமான லான்ட் றோவரும் பின்னர் இம்மலைகளுக்கு வந்து சேர்ந்தது.

அவ்வண்டிகளுள் சில இன்றும் ஓடுகின்றன. இஃது பழமையின்மேற் கொண்ட பற்று மட்டுமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், உள்ளதைச் செப்பஞ்செய்து ஓட்டுவதன்றிப் பலர்க்கு வேறு வழி இருக்கவில்லை. லயத்திலிருந்து பெரிய வீதி வரை மூன்று நான்கு மைல் கல்லும் சேறுமாய்க் கிடக்கும் தோட்டங்களில் ஒரு ஜீப் என்பது வெறும் ஊர்தியன்று. பிள்ளைப்பேற்று நோவுற்ற தாயையும், பாம்பு தீண்டிய தொழிலாளியையும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் அதுவே. ஆகவே அவ்வியந்திரம் சரியாகக் கட்டப்பட்டதா என்பது உயிரோடு தொடர்புடைய வினாவாகும்.

மலைப்பாதை இயந்திரத்துக்குச் செய்வது

அற்றன் நகர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. நுவரெலியாவின் காற்று கொழும்பின் காற்றைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு அடர்த்தி குறைந்தது. காற்றுக் குறைந்தால் எரிதல் குறையும். எரிதல் குறைந்தால் வலுவும் குறையும். போர்க்கால ஜீப்பின் இயந்திரம் 60 குதிரைவலு உடையதென்பர். அது நுவரெலியாவில் 50 அளவிலேயே நின்றுவிடும். குறைந்த வலுவைக் கொண்டு கூடிய ஏற்றத்தில் ஏறவேண்டியிருத்தலின், இயந்திரம் நெடுநேரம் தாழ்ந்த கியரில் முக்கி முனகி உழைக்கின்றது. மெல்லச் சுழலும்போது எண்ணெய் அமுக்கம் குறைவு; பிஸ்டன் தரும் அடியோ பெரிது. அவ்வடியைத் தாங்குவது கிராங்க் தண்டும் அதன் பேரிங்குகளுமே.

இறக்கத்தில் நிலைமை தலைகீழாகும். அங்கே இயந்திரம் சில்லை இழுப்பதில்லை. சில்லே இயந்திரத்தை இழுக்கின்றது. பிரேக்கைக் காப்பதற்காகச் சாரதி தாழ்ந்த கியரில் விட்டு இறக்குவான். பற்சில்லின் பற்கள் ஏற்றத்தில் ஒரு முகத்தாலும் இறக்கத்தில் மறுமுகத்தாலும் பாரம் தாங்குகின்றன. பற்களுக்கிடையே தளர்வு மிகுந்திருந்தால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பல்லோடு பல் மோதும். சமவெளியில் பத்தாண்டு தாங்கும் பிழையை மலைப்பாதை ஒரு மழைக்காலத்திலேயே வெளிப்படுத்திவிடும் என்று தொழிலாளர் கூறுவதன் காரணம் இதுவே.

பாகங்களின் பெயரும் தொழிலும்

நான்கு சிலிண்டர்களுள் மேலுங் கீழுமாய் ஓடும் பிஸ்டனை நம் பாடநூல்கள் முசலம் என்னும். அதன் நேரோட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் தண்டு. அத்தண்டின் நடுவச்சில் அமைந்து, இயந்திரக் கட்டையிலுள்ள பேரிங்குகளிற் சுழலும் பகுதிகளைத் தொழிலாளர் மெயின் என்பர். பிஸ்டனின் கோல் பற்றும் பகுதிகளைப் பிக்கெண்ட் என்பர். கிராங்க் தண்டின் முன்முனையில் ஒரு சிறு பற்சில்லு உண்டு. அது கேம் தண்டைச் சுழற்றும். கேம் தண்டு வால்வுகளைத் திறக்கும். பின்முனையில் பிளைவீல் என்னும் பாரச்சில்லு பூட்டப்பட்டிருக்கும். அதன் விளிம்பிலும் ஒரு பல்வளையம் உண்டு. ஸ்ராட்டர் மோட்டாரின் சிறு பற்சில்லு இவ்வளையத்தைப் பற்றியே இயந்திரத்தை முதலிற் சுழற்றுகின்றது.

இவ்வளவும் அறிந்த பின், மீளக் கட்டுதலின் அடிப்படையை ஒரு யாப்பு விதியாலேயே விளக்கிவிடலாம். வெண்பாவில் ஒவ்வொரு சீரும் தன்னளவிற் குற்றமற்றதாயிருக்கலாம். ஆயினும் காய்ச்சீரின் பின் நேரசை வாராது நிரையசை வந்துவிட்டால் தளை தட்டும், வெண்பா வெண்பாவாகாது. குற்றம் சீரிலன்று, சேர்க்கையில். இயந்திரமும் அத்தகையதே. கிராங்க் தண்டு நல்லது, பற்சில்லு புதியது, பம்பு பழுதற்றது என்று தனித்தனியே சொல்லிப் பயனில்லை. அவை ஒன்றோடொன்று பொருந்தினவா என்பதே வினா. திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பர் நம்மவர். இயந்திரத்துக்கு ஆறு பொருத்தம் பார்த்தால் போதுமானது.

முதலாவது: வகைப் பொருத்தம்

ஒரே பெயர் தாங்கிய இயந்திரங்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல. வில்லிஸ் ஜீப்பின் எல் 134 என்னும் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 134 என்பது கன அங்குலத்தில் அதன் கொள்ளளவு. சிலிண்டரின் விட்டம் 3 1/8 அங்குலம். பிஸ்டன் ஓடும் தூரம் 4 3/8 அங்குலம். 1941 முதல் 1945 வரை செய்யப்பட்ட போர்க்கால ஜீப்புகளில், கிராங்க் தண்டு கேம் தண்டை ஒரு சங்கிலியாற் சுழற்றியது. போர் முடிந்தபின் பொதுமக்களுக்கென வந்த சி.ஜே. 2ஏ வகையிலும் தொடக்கத்திற் சங்கிலியே இருந்தது. பின்னர் அதே வகையிலேயே சங்கிலி நீங்கி, பல்லோடு பல் நேரே கோக்கும் பற்சில்லுகள் வந்தன. வெளித்தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தோர்போல் இருக்கும். உள்ளே கேம் தண்டு, முன்னிரும்புத் தகடு, எண்ணெய்ப் பம்பு என்பன வேறு வேறு. சங்கிலி வகையில் கேம் தண்டு முன்னோக்கி நகராதவாறு மூடியிலுள்ள ஒரு வில்லும் முளையும் அதனை அழுத்திப் பிடிக்கும். பற்சில்லு வகையில் அப்பணியை ஆணி கொண்டு பூட்டிய ஒரு தகடு செய்யும்.

லான்ட் றோவரிலும் இத்தகைய பிரிவு உண்டு. 1958ஆம் ஆண்டு வெளிவந்த 2,286 கனசென்ரிமீற்றர் பெற்றோல் இயந்திரத்தின் கிராங்க் தண்டு மூன்று மெயின் பேரிங்குகளில் நின்றது. 1980ஆம் ஆண்டில் அதே கொள்ளளவுடைய இயந்திரம் ஐந்து பேரிங்குகள் உடையதாக மாற்றப்பட்டது. மூன்றுக்குரிய தண்டு ஐந்துக்குரிய கட்டையில் ஏறாது. ஐந்துக்குரியது மூன்றிலும் ஏறாது. கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு உதிரிப்பாகம் வாங்கச் செல்பவர், ‘லான்ட் றோவர் கிராங்க் தண்டு வேண்டும்’ என்று மட்டும் சொல்லிச் செல்வது, ‘ஊரில் ஒரு முருகேசு இருக்கின்றாராமே’ என்று வினவிச் செல்வது போலாகும். இயந்திர இலக்கத்தையும், பேரிங்குகளின் தொகையையும், சங்கிலியா பற்சில்லா என்பதையும் எழுதிக்கொண்டு செல்லல் வேண்டும். முடிந்தால் பழைய பாகத்தையே கையிற் கொண்டு செல்வது இன்னும் நன்று.

இரண்டாவது: திசைப் பொருத்தம்

பலர் வழுக்கி விழும் இடம் இது. இரு சில்லுகளை ஒரு சங்கிலி இணைத்தால் இரண்டும் ஒரே திசையிற் சுழலும். துவிச்சக்கர வண்டியிற் காண்கின்றோம். இரு பற்சில்லுகள் நேரே கோத்தால் ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுழலும். ஆகவே எல் 134 இயந்திரத்தில் சங்கிலி நீங்கிப் பற்சில்லு வந்தபோது, கேம் தண்டு சுழலும் திசையே மாறிவிட்டது.

திசை மாறினால் என்ன நேரும்? ஒவ்வொரு சிலிண்டரிலும் புகை வெளியேறும் வால்வு முதலில் திறந்து, அதனை அடுத்துக் கலவை உட்புகும் வால்வு திறத்தல் வேண்டும். கேம் தண்டைத் திருப்பிச் சுழற்றினால் இவ்வொழுங்கு தலைகீழாகும். இயந்திரம் புகைக்குழாய் வழியே மூச்சை இழுத்துக் காபுறேற்றர் வழியே வெளிவிட முயலும். சிலிண்டர்கள் 1, 3, 4, 2 என்னும் ஒழுங்கில் எரியவேண்டியிருக்க, வால்வுகள் 1, 2, 4, 3 என்னும் ஒழுங்கைப் பற்றி நிற்கும். எத்துணை முறை சாவியைத் திருகினும் இயந்திரம் உயிர் பெறாது. ஆகவே சங்கிலிக்குரிய கேம் தண்டு சங்கிலிக்கே, பற்சில்லுக்குரியது பற்சில்லுக்கே.

இதனோடு நின்றுவிடவில்லை. அவ்வியந்திரத்தில் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவதும் கேம் தண்டிலுள்ள ஒரு சாய்பற் சில்லே. பம்பின் தண்டோடு கூடியே டிஸ்றிபியூற்றரும் சுழல்கின்றது. கேம் தண்டின் திசை மாறினும் இவற்றின் திசை மாறாதிருத்தற்பொருட்டு, சாய்பற்களின் சாய்வை மறுபுறமாக வெட்டினர். எனவே பம்பும் இருவகைப்படும். பற்களின் சாய்வைக் கண்ணால் நோக்கியே எது எவ்வகைக்குரியது எனக் கூறிவிடலாம்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நிகழ்ந்த செய்தி இதற்குத் தக்க சான்றாகும். போர்க்கால ஜீப் ஒன்றின் இயந்திரத்தைக் கழற்றியிருந்தனர். சங்கிலி தேய்ந்திருந்தமையால், ‘சங்கிலியைவிடப் பற்சில்லு உறுதி’ என எண்ணி, பற்சில்லுச் சோடியையும் அதற்குரிய கேம் தண்டையும் தோட்டத்தார் வாங்கி வந்தனர். மேசைமேல் வைத்தபோது இரு சில்லுகளும் அழகாகக் கோத்தன. பழைய பம்பை ஏற்றும்போதுதான் அது பாதியில் நின்றது. இளைஞன் ஒருவன் சுத்தியலை எடுத்தான். மூத்த பாஸ் அவன் கையைப் பிடித்து, ‘தம்பி, இரும்பு வாய் திறந்து சொல்லாது; இப்படித்தான் சொல்லும். முட்டுகிற இடத்திலே தட்டாதே, பார்’ என்றார். பம்பின் சில்லையும் கேம் தண்டின் சில்லையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஒன்றின் பல் வலஞ்சாய்ந்தும் மற்றதன் பல் இடஞ்சாய்ந்தும் இருந்தன.

அவர்களுக்கு இரு வழிகள் இருந்தன. பற்சில்லு வகைக்குரிய எல்லாவற்றையும் தேடிச் சேர்த்தல் ஒன்று. பழைய வகைக்கே திரும்பிப் புதுச் சங்கிலியும் இரு சங்கிலிச் சில்லுகளும் வாங்குதல் மற்றொன்று. பழைய கேம் தண்டு கெடாதிருந்தமையால் இரண்டாவது வழியையே கொண்டனர். மூன்று கிழமை வீணாயிற்று. அம்மூன்று கிழமையும் அத்தோட்டத்து நோயாளிகள் கொழுந்து ஏற்றும் டிராக்டர்ப் பெட்டியில் அமர்ந்தே இறங்கினர். ஒரு சுத்தியலடி விழுந்திருந்தால் கட்டையே பிளந்து, மூன்று கிழமை மூன்று மாதமாகியிருக்கும்.

மூன்றாவது: அளவுப் பொருத்தம்

கிராங்க் தண்டு தேயும்போது வட்டமாகத் தேய்வதில்லை. அடிபடும் பக்கம் மிகுதியாகத் தேய்ந்து முட்டை வடிவு கொள்ளும். நீளவாக்கில் ஒருமுனை பருத்தும் ஒருமுனை சிறுத்தும் போதலும் உண்டு. ஆகவே ஒவ்வொரு மெயினையும் ஒவ்வொரு பிக்கெண்டையும், நம் விஞ்ஞான மாணவர் நன்கறிந்த நுண்மானித் திருகுக் கணிச்சியால், குறைந்தது நான்கு இடங்களில் அளத்தல் வேண்டும். முன்முனையில் இரண்டு, பின்முனையில் இரண்டு. அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்கே.

தேய்வு கண்டால் தண்டைச் சாணைபிடித்து, 0.010 அங்குலம், 0.020 அங்குலம், 0.030 அங்குலம் என்னும் படிகளுள் ஒன்றுக்குச் சிறிதாக்குவர். அவ்வளவுக்குரிய தடித்த பேரிங்குகளை வாங்கி இடுவர். இங்கே நான்கு விதிகளை மறத்தலாகாது. முதலாவது, மெயின்கள் யாவும் ஒரே படியில் இருத்தல் வேண்டும். பிக்கெண்டுகள் யாவும் ஒரே படியில் இருத்தல் வேண்டும். மெயின் ஒரு படியும் பிக்கெண்ட் வேறொரு படியும் ஆதலில் தவறில்லை. இரண்டாவது, சாணைபிடித்த பின் அளந்தே பேரிங்கு வாங்குக. பேரிங்கை முன்பே வாங்கிவிட்டு அதற்கேற்பச் சாணைபிடிக்கச் சொல்லற்க. மூன்றாவது, சாணைபிடித்த பகுதி தோளோடு கூடும் மூலையில் மெல்லிய வளைவு இருத்தல் வேண்டும். கூரிய மூலையாய் விட்டுவிட்டால் தண்டு பின்னொரு நாள் அவ்விடத்திலேயே முறியும். நான்காவது, தண்டின் உள்ளோடும் எண்ணெய்த் துளைகளைக் கம்பியும் மண்ணெண்ணெயும் கொண்டு கழுவுக. சாணைத் தூள் ஒரு சிட்டிகை அங்குத் தங்கினும், புதுப் பேரிங்கு சில நூறு மைல்களிலேயே அழியும்.

தண்டுக்கும் பேரிங்குக்குமிடையே சிறிது வெளி வேண்டும். அவ்வெளியில் எண்ணெய் ஏறி நின்று, இரும்பு இரும்பைத் தொடாமற் காக்கின்றது. விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்திலொரு பங்கு என்பது பட்டறை வழக்கு. திட்டமான அளவைக் கைந்நூலே கூறும். மெல்லிய மெழுகிழை போன்ற பிளாஸ்ரிகேஜ் என்பதனைத் தண்டின்மேல் இட்டு, மூடியை உரிய அளவு இறுக்கிக் கழற்றினால், இழை நசுங்கிய அகலம் வெளியின் அளவைக் காட்டும். மூடிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றலாகாது. கட்டையும் மூடியும் ஒன்றாகவே துளை கடையப்பெற்றவை. கழற்றும் அன்றே இலக்கமிட்டு வைத்தல் வேண்டும்.

நான்காவது: பற்பொருத்தம்

ஒன்றாய்த் தேய்ந்த இரு பற்சில்லுகள் நெடுநாள் வாழ்ந்த கணவன் மனைவியர் போல்வன. ஒன்றின் மேட்டுக்கு மற்றதன் பள்ளம் ஒத்துக் கொடுத்திருக்கும். அவற்றுள் ஒன்றை நீக்கிப் புதியதைச் சேர்த்தால், புதுப் பல் பழைய பல்லை அரைக்கும். பழைய பல் புதியதைக் கெடுக்கும். ஆகவே மாற்றுவதாயின் சோடியாகவே மாற்றுக. சங்கிலி வகையாயின் சங்கிலியும் இரு சில்லுகளும் சேர்த்து மாற்றுக.

கிராங்க் தண்டு முன்பின்னாக நகரும் தூரத்தையும் இவ்விடத்திலேயே பார்த்தல் வேண்டும். எல் 134 இயந்திரத்தில் இது 0.004 முதல் 0.006 அங்குலம் வரை இருத்தல் வேண்டுமென்பர். மெல்லிய தகட்டு வளையங்களைச் சேர்த்தும் நீக்கியும் இதனைச் சரிசெய்வர். முன்முனைப் பற்சில்லையும் கப்பியையும் இட்டு முன் நட்டை இறுக்கிய பின்னரே இதனை அளக்கலாம். ஏனெனில் அச்சில்லே அவ்வளையங்களை நெருக்கிப் பிடிக்கின்றது. சில்லை இடாமல் அளந்த அளவு அளவாகாது. தண்டும் சில்லும் ஒரே கணக்கைச் சேர்ந்தவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஐந்தாவது: காலப் பொருத்தம்

கிராங்க் தண்டு இருமுறை சுழலக் கேம் தண்டு ஒருமுறை சுழலும். அதனால் கேம் தண்டின் சில்லில் இருமடங்கு பற்கள் இருக்கும். இரு சில்லுகளிலும் ஒவ்வோர் அடையாளம் வெட்டப்பட்டிருக்கும். அவை ஒன்றையொன்று நோக்குமாறு கோத்தல் வேண்டும். ஒரு பல் தவறினால் என்னாம் என மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். சிறு சில்லில் 20 பற்கள் என வைத்துக்கொண்டால், ஒரு பல் என்பது 360ஐ 20ஆல் வகுக்க 18 பாகை. வால்வு 18 பாகை முந்தியோ பிந்தியோ திறக்கும். இயந்திரம் ஓடக்கூடும், ஆனால் றம்பொடை ஏற்றத்தில் ஏறாது. ஓடுகின்றதே என்று மகிழ்ந்து மூடியைப் பூட்டியவர், பின் காபுறேற்றரையும் பிளக்கையும் மாற்றி மாற்றிப் பணத்தை இழப்பர். அடையாளத்தை ஒருவர் பார்த்த பின் இன்னொருவர் பார்த்தல் நன்று. மூடியை இடுமுன் தண்டைக் கையால் இருமுறை முழுதுஞ் சுழற்றி, மீளவும் அடையாளம் கூடுகின்றதா எனக் காண்டல் அதனினும் நன்று. சங்கிலி வகையிலும் சில்லுகளின் அடையாளங்கள் இருசுற்றில் மீண்டும் எதிர்ப்படும்.

ஆறாவது: பின்முனைப் பொருத்தம்

முன்முனையிற் காட்டும் கவனத்தைப் பின்முனையிற் பலர் காட்டுவதில்லை. வில்லிஸ் ஜீப்புகளின் பிளைவீலில் 97 பற்கள் கொண்ட வளையமும், பின்னாளில் 124 பற்கள் கொண்டதும், 12 வோல்ற் மின்னுக்குரிய 129 பற்கள் கொண்டதும் உண்டு. ஸ்ராட்டரின் சிறுசில்லு தனக்குரிய வளையத்தோடுதான் சேரும். மாறிச் சேர்ந்தால் பல் அரையும். ஒரு குளிர்காலைப் பொழுதில் இயந்திரம் சுழலாது நிற்கும். 6 வோல்ற் வண்டியை 12 வோல்ற்றாக மாற்றுவோர் பெரும்பாலும் இதனை மறக்கின்றனர்.

இன்னும் ஒன்று. அவ்வகை இயந்திரத்தில் பிளைவீலைக் கிராங்க் தண்டோடு பூட்டும் ஆணிகளுள் இரண்டு, கூம்பிய வடிவினவாய், இரண்டையும் நடுநிலை தவறாது பிணைப்பன. அத்துளைகள் தொழிற்சாலையில் அந்தத் தண்டுக்கும் அந்தப் பிளைவீலுக்குமென்று ஒன்றாகவே செய்யப்பட்டவை. வேறொரு வண்டியின் தண்டைக் கொண்டுவந்து பூட்டும்போது துளைகள் சற்றே விலகி நிற்கும். அப்போது இரண்டையும் சேர்த்து வைத்துத் துளையைச் செம்மையாகக் கடைந்து, நேராணி இடுதல் வேண்டும். ‘மற்ற ஆணிகள் பிடித்துக்கொள்ளும்’ என்று விட்டுவிடுவது பெரும் பிழை. பாரச்சில்லு நூலிழை அளவு நடுவிலகினும், சுழற்சியின் வேகத்தில் அவ்விழை சம்மட்டியாய் அடிக்கும். தண்டு, பிளைவீல், கிளச்சு ஆகியவற்றை ஒருசேர நிறைச் சமன் பார்க்கும் வசதி கிடைக்குமாயின் அதனைத் தவறவிடலாகாது.

கட்டும்போது கொள்ளவேண்டிய ஒழுங்கு

மேற்கூறியவற்றைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம். முதலிற் கழற்றுமுன் இலக்கமும் அடையாளமும் இட்டு, ஒரு கொப்பியில் எழுதுக. அடுத்து, வகையைத் துணிந்து, எல்லாப் பாகங்களையும் ஒரு சாக்கின்மேற் பரப்பி, ஒன்றுக்கொன்று இணையாவனவற்றைப் பக்கத்திற் பக்கத்தில் வைக்குக. பின் அளக்குக, அளந்த பின் சாணை, சாணையின் பின் மீண்டும் அளக்குக. தண்டைக் கட்டையில் இட்டு, ஒவ்வொரு மூடியையும் இறுக்கியபின் கையாற் சுழற்றிப் பார்க்குக. எந்த மூடியை இறுக்கியபோது தண்டு கனத்ததோ, பிழை அங்கேதான் உள்ளது. எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுச் சுழற்றினால் எங்கே பிழையென்று யாரே அறிவார்? முதன்முறை இயக்குமுன் எண்ணெய்ப் பம்பிலும் பேரிங்குகளிலும் எண்ணெய் ஊட்டி, எண்ணெய் அமுக்கம் காட்டும் முள் எழுகின்றதா என நோக்குக. முதல் ஐந்நூறு மைல் வரை மிகுபாரமும் மிகுவேகமும் வேண்டா. அதன்பின் எண்ணெயை மாற்றுக.

இவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவு வேண்டி நிற்பதன்று. வேண்டுவன பொறுமையும், அளவுக் கருவி ஒன்றும், எழுதும் பழக்கமுமே. நம் பட்டறைகளில் கைத்திறனுக்குக் குறைவில்லை. எழுதிவைக்கும் வழக்கமே குறைவு. மூத்த பாஸ் ஒருவர் நாற்பதாண்டு கற்றதெல்லாம் அவரோடு போய்விடுகின்றது. கைந்நூல்களோ ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைப் படிக்க நாணிக் கண்ணளவையும் காதளவையும் நம்பித் தொழில் செய்யும் இளைஞர் நம்மிடையே பலர். அவர்தம் அறிவு குறைந்ததன்று. அவர்க்குத் தமிழில் ஒரு நூல் கிட்டாமையே குறை.

இவ்விழா மலரைக் கையிற் கொண்டிருக்கும் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர். தோட்ட நிருவாகிகள் உளர். பட்டறை முதலாளிமார் உளர். அவர்கள் ஆளுக்கொரு கொப்பியாகத் தாம் கட்டிய இயந்திரங்களின் அளவுகளையும் அனுபவங்களையும் எளிய தமிழில் எழுதித் தருவராயின், அவற்றைப் பிழைதிருத்தி ஒழுங்குபடுத்தித் தரும் பணியைத் தமிழாசிரியராகிய நாங்கள் ஏற்றுக்கொள்வோம். பட்டறையில் வழங்கும் சொல்லை அவ்வாறே வைத்துக்கொள்வோம். விளங்காத புதுச்சொல்லைத் திணியோம். அந்நூல் கல்லூரி நூலகத்தில் ஒன்றும், அற்றன் முதல் இராகலை வரையுள்ள பட்டறைகளில் ஒவ்வொன்றுமாய் இருக்குமாயின், நள்ளிரவில் மழையில் நோயாளியோடு மலையிறங்கும் ஒரு ஜீப் வழியில் நில்லாது செல்லும். யூபிலி விழாவெடுக்கும் ஒரு கல்லூரி தன் மலைநாட்டுக்குச் செய்யும் கைம்மாறுகளுள் அதுவும் ஒன்றாகுக.